பீரங்கி புகுந்த தேவாலயம்

இங்கிலாந்தில் ஏறக்குறைய எந்தக் கிராமத்துத் தேவாலயத்துக்குள் நுழைந்தாலும், முதல் உலகப் போரில் செத்துப்போன உள்ளூர்ப் பையன்களின் பெயர்ப் பட்டியல் ஏதாவது ஒரு சுவரில் இருக்கும். கொஞ்சம் வசதியான ஊர் என்றால் பட்டியலோடு ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலும் இருக்கும். அந்த ஜன்னலில் யார் நிற்கிறார் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். டிராகனை ஈட்டியால் குத்தும் புனித ஜார்ஜ், இல்லையென்றால் சிறகு விரித்த மிக்கேல் தூதர், அதுவும் இல்லையென்றால் குதிரைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நிற்கும் கலஹாட் என்ற வீரன். ஜி. எஃப். வாட்ஸ் என்ற ஓவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீட்டிய கலஹாட் படம் அவ்வளவு பிரபலம். போர் முடிந்ததும் அதை மாதிரியாக வைத்து ஊர் ஊராகக் கண்ணாடியில் வரைந்து தள்ளினார்கள். சேற்றிலும் விஷவாயுவிலும் செத்த இருபது வயதுப் பையன்களுக்கு வெள்ளிக் கவசம் மாட்டி அழகு பார்த்திருக்கிறார்கள். இப்படிப் பல ஜன்னல்களைப் பார்த்தபின் எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது.

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் என் அக்கா மகன்தான், “மாமா, செப்பலின் விமானம் வரைஞ்ச ஜன்னல் ஒண்ணு பக்கத்துல ஒரு ஊர்ல இருக்காம். போலாமா?” என்றான். தேவாலயத்தில், குண்டு போட்ட ஜெர்மன் வான்கப்பலா? கேட்டதும் கிளம்பிவிட்டோம்.

ஊரின் பெயர் ஸ்வாஃபம் பிரையர். கேம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே எட்டு மைல் இருக்கும். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன நியூமார்க்கெட் அதற்குக் கிழக்கே. வடக்கிலும் மேற்கிலும் ‘ஃபென்’ என்று சொல்லப்படும் தாழ்நிலம், ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்து வாய்க்கால் வெட்டி வடித்தெடுத்த கறுப்பு மண். அந்தத் தட்டையான வெளியில் கொஞ்சம் மேடு தட்டினாலும் அங்கே ஓர் ஊரும் ஒரு கோபுரமும் வந்துவிடும். ஸ்வாஃபம் பிரையரில் வந்ததோ இரண்டு கோபுரம். ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் இரண்டு தேவாலயங்கள் அக்கம் பக்கமாக நிற்கின்றன, ஒன்று புனித மரியாளுடையது, மற்றது புனித சிரியக், புனித ஜூலிட்டா இருவருடையது. இரண்டு திருச்சபைப் பங்குகளாக இருந்ததை 1667இல் ஒன்றாக்கினார்கள். 1779இல் மரியாள் கோயிலின் கோபுரத்தில் இடி விழுந்தது. பயந்துபோன ஊர்க்காரர்கள் அதைக் கைவிட்டு, சிரியக் கோயிலைப் பெரும்பாலும் புதிதாகக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறினார்கள். நூறு ஆண்டு கழித்து மனம் மாறி மரியாளிடமே திரும்பி வந்தார்கள். இப்போது மரியாள் கோயிலில் வழிபாடு நடக்கிறது. சிரியக் கோயில், பூசை நின்றுபோன தேவாலயங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது.

மரியாள் கோயிலின் கோபுரம் அடியில் சதுரம், அதன்மேல் எண்கோணம், அதற்கும் மேல் பதினாறு பட்டை. நார்மன் காலத்தில் தொடங்கி அடுத்தடுத்த தலைமுறைக் கொத்தர்கள் ஆளுக்கொரு வடிவமாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்ல கட்டடம்தான். ஆனால் நாங்கள் வந்தது கோபுரம் பார்க்க அல்ல.

உள்ளே போனதும் வடக்குப் பக்கச் சிறகில் அந்த ஜன்னல்கள். வடக்குச் சுவர் என்பதால் நேர் வெயில் விழுவதில்லை. தெற்கு ஜன்னல்களில் வருவதுபோல் தரையில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சிந்துகிற வேடிக்கை எதுவும் இங்கே கிடையாது. நாள் முழுக்க ஒரே சீரான ஒளி, படிக்க உட்காருகிற மேஜைக்கு வேண்டுமே, அப்படி. படித்துப் பார்க்க வேண்டிய ஜன்னல்களுக்கு அது பொருத்தம்தான்.

ஆளுயரப் புனிதர் யாரும் இல்லை. சின்னச் சின்னக் காட்சிகளாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். ஒரு காட்சியில் செப்பலின். ஒன்றில் பதுங்குகுழி, அதில் சிப்பாய்கள். ஒன்றில் ஹவிட்சர் பீரங்கி. ஒன்றில் நீர்மூழ்கிக் கப்பல். ஒவ்வொன்றின் கீழும் பைபிளிலிருந்து ஒரு வசனம். பீரங்கிக்கும் நீர்மூழ்கிக்கும் பைபிளில் வசனம் தேடிப் பிடித்தவர் எத்தனை இரவு விளக்கு வைத்துப் புரட்டியிருப்பார் என்று யோசித்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. காரணம், பக்கத்திலேயே காயம்பட்டவர்களைப் பராமரிக்கும் செவிலி, வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள், சிப்பாய்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. போட்ட குடில். சென்னையில் நந்தனம், ராயப்பேட்டை என்று ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்லியே பழகிய அந்த நான்கெழுத்து, இங்கிலாந்தின் ஒரு குக்கிராமத்தில், சர்ச் கண்ணாடியில்! அக்கா மகன் அதைத்தான் முதலில் படமெடுத்தான். போர்முனைக்குப் பின்னால் டீ, கடிதம் எழுதக் காகிதம், உட்கார ஒரு பெஞ்சு, இவ்வளவுதான் அந்தக் குடில்களில் கிடைத்தது. வீட்டுக்கு வந்த கடைசிக் கடிதம் அந்தக் காகிதத்தில் எழுதியதாக இருந்த குடும்பங்கள் ஏராளம். அதை வரையச் சொன்னவருக்குப் போர் என்றால் என்ன என்பது தெரிந்திருக்கிறது.

செப்பலினுக்கும் காரணம் இருக்கிறது. 1915 ஜனவரி 19ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் மேல் முதல் செப்பலின் தாக்குதல் நடந்தது. குண்டு விழுந்தது கிரேட் யார்மத்திலும் கிங்ஸ் லின்னிலும், அதாவது இந்தக் கிழக்குக் கரைப் பகுதியில். அதன்பின் போர் என்பது கடலுக்கு அப்பால் பையன்கள் போய்ச் செய்யும் காரியமாக மட்டும் இருக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வானத்தில் இரைச்சல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த கிழவிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. கலஹாட் வரைந்திருந்தால் இந்தப் பயம் பதிவாகியே இருக்காது.

இந்த ஜன்னல்களுக்குச் செலவு செய்தவர் சார்ல்ஸ் பீட்டர் அலிக்ஸ் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர், நம் ஊர்க் கணக்கில் மிராசுதார். அலிக்ஸ் என்பது ஆங்கிலப் பெயர் அல்ல. மதக் கொடுமைக்குப் பயந்து பிரான்சிலிருந்து ஓடிவந்த ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்) குடும்பம் அது. வந்தவர்களின் மகன் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வடக்கே இருக்கும் ஈலி பேராலயத்துக்கே டீன், அதாவது தலைமைக் குரு, ஆகியிருக்கிறார். இந்த மிராசுதாருக்குக் கண்ணாடிப் பைத்தியம் கொஞ்சம் அதிகம். அதே தேவாலயத்தில் அவர் கொடுத்த வேறு ஜன்னல்களில் உலகத்து அதிசயங்களையெல்லாம் இறக்கியிருக்கிறார். பக்கத்து ஊரின் விக்கன் ஃபென் சதுப்பும் அதில் ஒன்று. கலை விமர்சகர்கள் இவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை. வரைந்த கை மேதையின் கை இல்லைதான். ஒத்துக்கொள்கிறேன். மனிதர்கள் விறைப்பாக நிற்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

வண்ணக் கண்ணாடி என்பது போர்க் கருவிகளுக்கு ஏற்ற ஊடகமும் அல்ல. உருகிய கண்ணாடியிலேயே உலோக ஆக்சைடு கலந்து நிறம் ஏற்றுகிறார்கள். கோபால்ட் போட்டால் நீலம். முகம், துணி மடிப்பு, எழுத்து போன்ற கோடுகளை, அரைத்த கண்ணாடித் தூளும் உலோக ஆக்சைடும் கலந்த கருஞ்சாந்தால் தீட்டி, அறுநூறு டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு நிரந்தரமாக்குகிறார்கள். வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் மஞ்சள் வரும். பதினான்காம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியத் தேவாலயங்களில் புனிதர்களின் தலைமுடியும் கிரீடமும் பொன்னாக மின்னுவது இந்த வித்தையால்தான். பிறகு துண்டுகளை ஈயப் பட்டைகளில் பொருத்திப் பற்ற வைக்கிறார்கள். இந்தக் கைவேலை முழுக்க நீல அங்கிக்கும் சிவப்புச் சிறகுக்கும் என்றே பழகி வந்தது. காக்கியும் சேறும் இரும்பின் சாம்பல் நிறமும் அதற்கு ஒத்துவராத நிறங்கள். பெரும்பாலான பட்டறைகள் ஜார்ஜையும் மிக்கேலையும் விரும்பியதற்குப் பக்தி பாதி, இந்த வசதி பாதி என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் கண்ணாடி? ஏன் இத்தனை ஜன்னல்? இதற்குப் பதில் கல்லறையில் இருக்கிறது, அல்லது கல்லறை இல்லாததில். 1915 ஏப்ரலில் வில்லியம் கிளாட்ஸ்டன் என்ற இளம் அதிகாரி பிரான்சில் கொல்லப்பட்டார். முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன். செல்வாக்கைப் பயன்படுத்தி உடலை ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். ஊர் முணுமுணுத்தது. பணக்காரன் பிள்ளைக்கு ஒரு நியாயம், பால்காரன் பிள்ளைக்கு ஒரு நியாயமா? அதன்பின் யார் உடலும் திரும்பக் கூடாது என்று தடை வந்தது. 1917இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையம் அதையே கொள்கையாக்கியது: செத்த இடத்துக்கு அருகிலேயே புதைப்பது, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு நடுகல். நியாயமான முடிவு. ஆனால் ஸ்வாஃபம் பிரையர் போன்ற ஊரில் இருந்த ஒரு தாய்க்குக் கடல் தாண்டி பெல்ஜியம் போய் மகன் கல்லறையில் பூ வைக்க ஏது வழி? அதிலும் உடலே கிடைக்காதவர்கள் எத்தனை பேர்! ஈப்பர் நகரின் மெனின் வாயிலில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட பெயர்கள், சோம் பகுதியின் தியெப்வாலில் 72,000க்கு மேல். ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருகிற இடத்திலேயே ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கல்லோ, பித்தளையோ, கண்ணாடியோ. போருக்குப் போன எல்லோரும் உயிரோடு திரும்பிய கிராமங்கள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கத் தேடினாலும் ஐம்பது சொச்சம்தான் தேறும். அவற்றுக்கு ‘நன்றியுள்ள கிராமங்கள்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நான் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். செங்கத்தைச் சுற்றிய வயல்களில் நடுகற்களைப் பார்த்து வளர்ந்தவன். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் எடுத்தபோது நம் முன்னோர் அவனைத் தேவனாக்கி வரையவில்லை. கையில் பிடித்திருந்த வில், குறுவாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்பு, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, செத்தவன் யார் மகன், எல்லாம் கல்லில் இருக்கும். எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். ஆயிரத்து நானூறு ஆண்டு ஆகியும் அந்தப் பெயரை நாம் வாசிக்கிறோம். ஸ்வாஃபம் பிரையர் ஜன்னல் எனக்குப் பிடித்ததற்கு இந்தப் பழக்கம் காரணமாக இருக்கலாம். செத்தவன் எதன் நடுவே செத்தான் என்பதைக் காட்டுவதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை. கவசம் மாட்டிவிடுவது நம்முடைய ஆறுதலுக்கு.

வெளியே வந்து கல்லறைத் தோட்டத்தைச் சுற்றினோம். காஃப்காவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த தம்பதியில் ஒருவரான கவிஞர் எட்வின் மியூர் கடைசி நாட்களை இந்த ஊரில்தான் கழித்தார். 1959இல் இறந்தவருக்குக் கல்லறையும் இங்கேயே. “காஃப்கா படிச்சதுக்கு இன்னிக்குத்தான் பிரயோஜனம்” என்றான் அக்கா மகன். ஊரில் காற்றாலை ஒன்று இன்னமும் மாவு அரைக்கிறது. போகிறவர்கள் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கேம்பிரிட்ஜிலிருந்து பஸ்ஸை நம்பிப் போவதென்றால் திரும்பும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் காரில் போனதால் தப்பித்தோம்.

அங்கிருந்து வடக்கே ஈலி. தட்டை வெளியில் பல மைலுக்கு முன்பே பேராலயம் தெரியத் தொடங்கிவிடும். 1322இல் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தபின், அந்த இடத்தில் மரத்தால் எண்கோண விதானம் ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், பார்க்காமல் போனால் மனம் வலிக்கும். மேல் மாடத்தில் வண்ணக் கண்ணாடிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இடிக்கப்பட்ட தேவாலயங்களிலிருந்து காப்பாற்றிய ஜன்னல்களைக் கண் மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். தூரிகைக் கோடுகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

எனக்கு வேலை கீழே, புனித ஜார்ஜ் சிற்றாலயத்தில். கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்திலிருந்து போய் முதல் போரில் இறந்தவர்களின் பெயர்களை ஊர்வாரியாக ஓக் மரப் பலகைகளில் எழுதியிருக்கிறார்கள். அலமாரிக் கதவுகள்போல் திறந்து படிக்கலாம். ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறபோது விரல் தானாக நின்றுவிடுகிறது. அண்ணன் தம்பியா, சித்தப்பா பிள்ளையா, பலகை சொல்லாது. இது கேம்பிரிட்ஜ்ஷயர் ரெஜிமெண்டின் சிற்றாலயம்.

அந்த ரெஜிமெண்டின் அடுத்த கதை தமிழர்களுக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் அதன் இரண்டு பட்டாலியன்களையும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். ஒரு பட்டாலியன் மலாயாவின் பத்து பகாட் என்ற ஊரில் ஜப்பானியரோடு மோதியது. மற்றது ஜனவரி கடைசியில் சிங்கப்பூரில் வந்து இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. உயிர் பிழைத்த ஃபென் நிலத்துப் பையன்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் கைதிகள். அவர்களில் பெரும்பகுதியைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோய், பர்மாவுக்கு ரயில் பாதை போட வைத்தார்கள். 415 கிலோமீட்டர். சதுப்பு நிலத்தில் பிறந்தவர்கள் மலைக்காட்டைக் குடைந்து, காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே வேலை செய்து, 12,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதே பாதையில், அதே மழையில், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் இருந்தார்கள். சம்பளம் உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டிச் சிலரை, வளைத்துப் பிடித்து லாரியில் ஏற்றிப் பலரை, குடும்பத்தோடு சிலரை. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோரையும் சேர்த்து அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் ரகசியமாகக் குறிப்பேடு வைத்திருந்தார்கள். அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்கு, பெரும்பாலும் தனித்தனியே, இடம் இருக்கிறது. தமிழ்க் கூலிகளிடம் குறிப்பேடு இல்லை. மொத்தமாகக் குழியில் போட்டு மூடினார்கள், இல்லையென்றால் கொளுத்தினார்கள். ஈலியில் அந்தப் பலகைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது துக்கம் என்று சொல்ல மாட்டேன், பொறாமை. ஒரு மாவட்டம் தன் ஆட்களை ஊர்வாரியாக எழுதி வைத்திருக்கிறது.

நம் தரப்பில் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் உண்மையில்லை. மலேசியத் தமிழர்கள் சிலர் பல ஆண்டுகள் விடாமல் முயன்று, 2023இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த விகாரை வளாகத்தில் அந்தத் தொழிலாளர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நடுகல். அந்த ரயில் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படமெடுத்துக்கொள்ள ஆண்டுதோறும் எத்தனையோ பேர் தாய்லாந்து போகிறோம். பாலத்தைப் பார்த்துவிட்டு, அதே ஊரில் இருக்கும் அந்தக் கல்லையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு வேலை வீட்டிலிருந்தே செய்யலாம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று மலாயா தோட்டத்துக்கு ஆள் போன குடும்பங்களில், ‘சயாம் ரயிலுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்ற பேச்சு இன்னும் எங்காவது இருக்கும். சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர் பெயர், அப்பா பெயர், ஊர், எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதைக் கேட்டு இந்த வாரமே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.